ஒழுங்கைக்கு ஒரு ஓம்

லண்டனில் இவர்கள் காடு என்று சொல்வதை நான் காடாக ஒத்துக்கொண்டதே இல்லை. குரோய்டனுக்குத் தெற்கே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், நாலைந்து வயலும் ஒரு மரக்கூட்டமும் இருக்கின்றன. நடுவில் நின்றால் தலைக்குமேலே விமானச் சத்தம். மரத்தடியில் சூப்பர்மார்க்கெட் பை. அதைத்தான் ஞாயிறு காலைகளில் குதிரையில் ஏறி, நெஞ்சில் போனைக் கட்டிக்கொண்டு, ஜி.பி.எஸ். வைத்து அளந்துகொண்டிருந்தோம். சம்பளமில்லாத வேலை. மழைக்கு மட்டும் குறைவில்லை.

அளக்கக் காரணம் இருந்தது. பழைய குதிரைப் பாதைகள் பல கவுன்சிலின் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாத பாதையை நிலத்தை வாங்கியவர் நினைத்தால் நாளைக்கே பூட்டலாம். நாங்கள் போகப் போகப் போனில் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டையும், இதில் நெடுங்காலம் போய்வருகிறோம் என்று ஆட்கள் சொல்லும் சாட்சியையும் சேர்த்துக் கவுன்சிலுக்கு அனுப்பவேண்டும். கவுன்சில் ஏற்றால் பிறகு யாரும் பூட்ட முடியாது.

எங்கள் லாயத்திலிருந்து மரக்கூட்டத்துக்குப் போக மூன்றே வழி. மேலே ஒடுங்கிய பாதையாக ஒரு ஒழுங்கை, நல்ல தரை. கீழே வேலியோடு ஒரு ஒழுங்கை, முழங்கால் சேறு. மூன்றாவது லொறி ஓடும் பெரிய வீதி. ஒருமுறை அந்த வீதியில் லொறி உரசி ஒரு குதிரையின் தொடை கிழிந்தது. இரண்டு ஒழுங்கைகளும் போனால் எங்களுக்குக் குதிரை தருவதை நிறுத்திவிடுவேன் என்று லாயக்காரி சொல்லியிருந்தாள். நான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் நாள் முழுக்க நின்று மாத்திரை பிரிக்கிறவள். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன பிறகு, ஐம்பது வயதில், சொந்தக்காரர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கக் குதிரை பழகியவள். ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் எனக்குக் கிழமையே இல்லை.

எங்கள் குழுவுக்கு ஒரு தலைவி. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, நெடிய வெள்ளைக்காரி. குதிரையோடு பேசும் குரலில்தான் என்னோடும் பேசுவாள், குதிரைக்காவது இடையிடையே கரட் கொடுப்பாள். அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது என்பதை அவள் ஒளித்ததில்லை. அந்த ஒரு நேர்மையை மட்டும் நான் மதித்தேன்.

மேல் ஒழுங்கையும் கீழ் ஒழுங்கையும் ஒரே ஆளின் நிலத்தில்தான் கிடந்தன. முன்பு அது ஒரு கிழட்டு விவசாயியிடம் இருந்தது. அவன் எங்களைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வான். நாங்களும் அவனைப் பார்க்காமல் போவோம். பிறகு அதை, பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் மொத்தக்கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் வாங்கி, சாமான் வைக்கக் கொண்டெய்னர்களை இறக்கினார். மேல் ஒழுங்கையின் வாசலில் முதன்முதல் அவரைக் கண்டபோது நான் குதிரையை நிறுத்தி இறங்கினேன். தமிழாள் ஒருவர் நிற்கும்போது குதிரைமேல் இருந்தபடி தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஊர் விசாரித்தோம், என் ஊருக்கு அடுத்த ஊர். பிறகு, நாங்கள் எல்லாரும் இதால் போய்வரலாமோ அண்ணை என்று கேட்டேன்.

"ஓம் தங்கச்சி, இதென்ன கேள்வி? உங்கட ஆக்கள் எல்லாரும் தாராளமாப் போங்கோ."

எனக்குத் தலை கால் புரியவில்லை. திரும்பிப் போய் எல்லாருக்கும் சொன்னேன். அதன்பிறகு ஞாயிறுகளில் அவர் வாசலில் நிற்பார். திகதி முடியப் போகிற மாம்பழச் சாறு பெட்டி பெட்டியாக எங்களுக்குக் கிடைக்கும். வெள்ளைக்காரர் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துவிட்டு, உங்கள் ஆட்கள் எவ்வளவு நல்லவர்கள் என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அவர் மறக்காமல் உரத்துச் சொல்வார், "ஓம், போங்கோ."

சில வருடம் இப்படிப் போனது. இந்த வசந்தத்தில் மேல் ஒழுங்கைக்கு இரும்புக் கதவு வந்தது, கதவில் பூட்டும் வந்தது. அங்கே லொறி நிறுத்துமிடம் வரப்போகிறதாம்.

தலைவி எங்களை லாயத்தில், சேணம் தொங்கும் அறையில் கூட்டினாள். கோடு எங்களிடம் இருந்தது, சாட்சி சொல்ல ஆட்களும் இருந்தார்கள். எல்லாரும் உற்சாகமாக இருந்தோம். அவள் கேட்ட முதல் கேள்வி, யாராவது எப்போதாவது சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டீர்களா என்பது. ஒருவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டி, நம் எல்லாருக்குமாக இவள்தானே கேட்டு வாங்கித் தந்தாள் என்றார். என்னைப் பாராட்டுவதாக அவருக்கு நினைப்பு.

தலைவி பேனாவை மூடிவைத்தாள். பிறகு சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினாள். யாரையும் கேட்காமல், ஒளிக்காமல், யாரும் தடுக்காமல் இருபது வருடம் போய்வந்தால் அது எல்லாருக்கும் உரிய பாதை. கேட்டு, அவர் ஓம் என்று விட்டால் அது அவர் செய்த தயவு. தயவை அவர் நினைத்த நாளில் நிறுத்தலாம். இருபது வருடத்தைப் பூட்டிய நாளிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுவார்கள், நடுவில் தயவு வந்தால் கிழவன் காலத்தில் போனதும் கணக்கில் வராது. எனவே மேல் ஒழுங்கை போய்விட்டது.

"இந்த நாட்டில் நீ கேட்டிருக்கக்கூடாது" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ப்ளீஸ் சொல், சொறி சொல், வரிசையில் நில், கேட்டுவிட்டுத் தொடு என்று விமான நிலையம் முதல் வேலைத்தலம் வரை என்னைப் பழக்கியவர்கள் யார்? முப்பது வருடம் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவளிடம், கேட்டதுதான் பிழை என்று இப்போது வந்து சொல்கிறாள். இதையெல்லாம் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கீழ் ஒழுங்கை இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் யாரிடமும் வாய் திறந்ததில்லை என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிறு அதை அளக்கப் போகிறோம். அந்த ஆள் தானாக வந்து அனுமதி தந்தாலும் நீ வாங்கக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது என்றாள்.

அந்த ஞாயிறுக்கு முன் மிச்சம் ஊருக்குப் போனேன். அவருடைய கடையில், உறைந்த மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஆளைப் பிடித்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணை, தெரிஞ்சுதானே எங்களுக்கு ஓம் சொன்னனீங்கள்?"

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

"காணி வாங்கேக்கை லோயர் சொன்னவர் தங்கச்சி. இல்லை எண்டால் சண்டை வரும், ஓம் எண்டால் பாதை வராது எண்டு. வெள்ளையள் வந்து கேக்காதுகள். நல்ல காலம், நீங்கள் வந்து கேட்டியள்."

அத்தனை வருடமும் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார், அதற்கு மாம்பழச் சாறு வேறு. நான் குதிரையை விட்டு இறங்கியதை மரியாதை என்று நினைத்தேன், அவர் அதை வைத்துப் பூட்டுக்கு அளவெடுத்திருக்கிறார். வரும்போது அவர் ஒரு பை நிறைய முருங்கைக்காய் நீட்டினார். வாங்காமல் வந்தேன்.

ஞாயிறன்று கீழ் ஒழுங்கையில் தலைவி முன்னால், நான் பின்னால். இரவு மழை பெய்திருந்தது. எனக்குத் தந்திருந்தது லொறிக்குப் பயந்த கிழட்டுப் பெட்டைக் குதிரை. அது சேற்றில் காலை வைத்து வைத்து எடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம், கொண்டெய்னர்களுக்கு நடுவிலிருந்து அவர் ஓடி வந்தார். சப்பாத்து முழுக்கச் சேறு, கையில் அதே மாம்பழச் சாறு.

"தங்கச்சி, ஓம், இதாலயும் போங்கோ. உங்கட ஆக்கள் எல்லாரும் போங்கோ."

தலைவி திரும்பவில்லை. அவர் சொல்வது அவளுக்கு விளங்கப்போவதும் இல்லை. விளங்குகிற ஒரே ஆள் நான், என்னிடம்தான் அதைக் கொண்டுவந்து தருகிறார். என் வாழ்நாளில் தமிழில் கூப்பிட்ட எவருக்கும் நான் முகம் கொடுக்காமல் போனதில்லை. அன்றைக்கும் என்னால் முடியவில்லை. ஆனால் இறங்கவில்லை, குதிரையை நிறுத்தவும் இல்லை.

"அண்ணை, நான் கேக்கேல்லை" என்றேன்.

காதில் விழவில்லை என்று சொல்கிறேனாக்கும் என்று நினைத்துவிட்டார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்கக் கத்தினார்.

"போங்கோ எண்டு சொல்லுறன்!"

"காது நல்லாக் கேக்குது அண்ணை. நான் உங்களைக் கேக்கேல்லை."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நீட்டிய சாற்றுப் பெட்டியைக் கீழே இறக்கினார். தங்கச்சி என்று கூப்பிட்ட அதே வாயால் என்னை ஒரு சொல் சொன்னார், அதை இங்கே எழுதமாட்டேன். திரும்பிப் பார்க்காமல் குதிரையைத் தட்டினேன். சிவப்புக் கோடு அறுபடாமல் போய்க்கொண்டிருந்தது.