கதவுக்குக் காட்டிய சாம்பிராணி

சேலத்துக்கு மேற்கே, வெள்ளைக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு சுரங்கம். உள்ளே வௌவால்கள். அவற்றைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பிய நான்கைந்து பேரில் நானும் ஒருவன். "வேற வேலையே இல்லீங்களா?" என்று ஊரில் கேட்பார்கள். இல்லைதான்.

குடிக்க வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் சுரங்கத்துக்கு ஒரு கதவு போட்டோம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் செய்தது. ஆள் நுழைய முடியாது, வௌவால் பறந்து போகலாம், கம்பிகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி. வௌவால்களும் கதவை ஏற்றுக்கொண்டன. உள்ளே குட்டிகள் பிறந்ததைப் பார்த்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாவியைப் பள்ளத்தருகே மேச்சேரி ஆடு மேய்க்கும் அக்காவிடம் கொடுத்திருந்தோம். குடிகாரர்களை அவர் விரட்டும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். எங்கள் கூட்டத்திலேயே உருப்படியான ஆள் அவர்தான்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் அங்கே போனேன். பள்ளத்துக்கு மேலே பட்டப்பகலில் வௌவால்கள் அலைந்துகொண்டிருந்தன. காக்கைகள் விடாமல் துரத்தின. கீழே கதவுக்குச் சந்தனம், குங்குமம், பூட்டுக்குத் தனியாக ஒரு பொட்டு. வாசலில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. காற்று அந்தப் புகையை அப்படியே உள்ளே இழுத்தது.

என்னைப் பார்த்ததும் அக்கா கை நிறையப் பொரி கடலை கொடுத்தார். "ஊட்டுல அருவா, மம்பட்டி எல்லாத்துக்கும் பூசை போட்டனுங்க சாமி. இத்தாம் பெரிய இரும்பு, இதுக்கு மட்டும் போடாம உட்டா நல்லாருக்குமுங்களா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

தூபக்காலைத் தூக்கித் தூர வைத்துவிட்டு, பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். தாய்கள் இல்லை. தரையில் குட்டிகள் கிடந்தன. சில அசைந்தன. ஒன்றை எடுத்துச் சுவரில் பிடிக்க வைத்தேன். விழுந்துவிட்டது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் டீ ஆறியிருந்தாலே கத்துகிற ஆள். அன்று கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குட்டியை எடுக்காத கையில் பொரி அப்படியே இருந்தது. நின்றபடி அதைத் தின்று முடித்தேன். ருசி எதுவும் தெரியவில்லை.

வௌவால்கள் திரும்பவில்லை. குடிகாரர்களும் வருவதில்லை. கதவு மட்டும் கெட்டியாக நிற்கிறது. மாதம் ஒருமுறை சாயங்காலம் போய்ப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு, இருட்டும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன். கேட்பவர்களிடம் கண்காணிப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறேன், தூக்கமும் நன்றாகவே வருகிறது.

போன வெள்ளிக்கிழமை சாவி வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். தெருவெல்லாம் சாம்பிராணி வாசம், அவர் வீட்டில் மட்டும் இல்லை. தீர்ந்துவிட்டதா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அன்னைக்கிருந்து ஊட்டுல போடறதில்லீங்க சாமி. அதுங்க திரும்பி வரட்டுங்க, அப்புறம் போட்டுக்கலாம்."

அவை இனி வராது என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் "ஆமாங்கக்கா, வரட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டு நடந்தேன். ஆயுத பூஜையன்று வராத அழுகை, பள்ளத்தில் இறங்கும்போது வந்தது.