தலைவரின் பெயரில் திறந்த அறிக்கைகள்

கொக்குவிலில் தலைமையகமும் நான்கு கிளைகளும் வைத்து இரத்தப் பரிசோதனை செய்யும் கம்பனியொன்றில் கணினிகளைப் பார்ப்பவள் உதயகலா. பதினொரு வருட வேலை. ஆனாலும் பணிப்பாளர் சபைப் பெரியவர்களின் கண்ணில் அவள் பிரின்ரருக்கு மை போடுகிற பிள்ளை. அதற்குமேல் அவளிடம் கேட்க அவர்களுக்கு ஒன்றுமில்லை.

எல்லாக் கிளைகளின் அறிக்கைகளையும் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவரவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிடுவோம், கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்போம், திறந்தவரின் பெயர் பதிவாகட்டும் என்று உதயகலா எழுதிக் கொடுத்தாள். பின்னிரண்டுக்கும் சபை தலையாட்டியது. முதலாவதுதான் மானப் பிரச்சினையாகிவிட்டது. பரிசோதிக்கிற பெட்டை பார்ப்பதைத் தலைவர் நடராசா பார்க்க முடியாதென்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கடைசியில், விழாக்களில் மாலை போடுகிற வரிசைப்படியே உரிமை பிரித்தார்கள். தலைவருக்கு எல்லா நோயாளர்களின் எல்லா அறிக்கைகளும் திறந்தன. ஹீமோகுளோபின் என்றால் என்னவென்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

கைபேசியோடு மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமையுமில்லை. படிவத்தில் மனைவி பாலேஸ்வரியின் கைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். கடவுச்சொல்லும் அவளிடமே போய்ச் சேர்ந்தது. இது கூடாது என்று உதயகலா சொன்னதற்கு, என் வீட்டுக்காரி என்ன வெளியாளா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சபையும் அவர் பக்கம்.

எட்டு மாதம் கழித்து உதயகலாவின் தங்கை கோபிகாவுக்குத் தெல்லிப்பழையிலிருந்து ஒரு சம்பந்தம் சரிவந்தது. சாதகம் பொருந்தி, இருவரும் கதைத்து, இருவருக்கும் பிடித்துப்போய், நாள் வைக்கிற கட்டம். முப்பத்தொரு வயதுவரை ஒவ்வொன்றாகத் தட்டிப்போனவள் கோபிகா. பேச்சு நடந்த இரண்டு மாதமும் வீட்டில் பாடிக்கொண்டே திரிந்தாள். திடீரென்று மாப்பிள்ளையின் தாய் அழைத்து வேண்டாமென்றாள். பெண் தைரொய்ட் குளிசை போடுகிறதாமே, பிள்ளைப்பேறு எப்படியோ என்றாளாம். காலையில் ஒரு குளிசை, அவ்வளவுதான் விஷயம். அது வீட்டில் மூன்று பேருக்கும் அவள் இரத்தம் சோதித்த கம்பனியின் அறிக்கைக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

கோபிகா அறையை விட்டு வெளியே வரவில்லை. உதயகலா அடுத்த நாளே பதிவைத் திறந்தாள். தங்கையின் அறிக்கையை ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு நடராசா பார்த்ததாக இருந்தது. அதே பத்தேகாலுக்கு நடராசா சபைக் கூட்டத்தில் அவளுக்கு முன்னால் இருந்து வடை தின்றுகொண்டிருந்தவர்.

பதிவை அச்செடுத்து அவருடைய மேசையில் வைத்தாள். மனிதர் கூசக்கூட இல்லை.

“பாலேஸ்வரிதான் பாத்தவ. சம்பந்தம் பேசுற தெரிஞ்ச சனம் பெட்டையைப் பற்றி விசாரிச்சால் சொல்லத்தானே வேணும், பிள்ளை. உந்தப் பதிவை அழிச்சுவிடு.”

அழிக்காவிட்டால் அவளுடைய வேலையைப் பற்றிச் சபை யோசிக்க வேண்டிவரும் என்றும் சேர்த்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஒழுக்கம் படிப்பிக்கிற வாய் அது.

உதயகலா அழிக்கவில்லை. தன் இடத்துக்கு வந்து, தலைவரின் பெயரில் திறந்த அத்தனை அறிக்கைகளையும் பட்டியலாக எடுத்தாள். நாற்பத்துமூன்று. சீனி வருத்தக்காரக் கிழவர் ஒருவர்கூட அதில் இல்லை. நாற்பத்துமூன்றும் செல்வி என்று பதிந்த பெண்கள், இருபத்திரண்டு வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை.

கதவைச் சாத்திவிட்டு முதலாவது பெயருக்கு அழைத்தாள். தான் யார், எங்கிருந்து கதைக்கிறாள் என்று சொன்னாள். உங்களுடைய இரத்த அறிக்கையை உரிமையில்லாத ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார் என்றும் சொன்னாள்.

“அக்கா, அது தை மாசத்திலையோ?” என்று அந்தப் பெண் கேட்டாள். “எனக்குப் பேசின சம்பந்தம் தையிலைதான் குழம்பினது. ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

உதயகலா பட்டியலைப் பார்த்தாள். தை பத்தொன்பது என்றிருந்தது.

“ஓம், தங்கச்சி” என்றாள்.