நான் துடைத்த புள்ளிகள்

போன சம்பாவில் நடந்தது இது. பாகூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். செலியமேட்டில் எங்களுக்கு இருக்கும் ஒன்றரைக் காணி நெல்லைப் பார்த்துக்கொள்வது என் மனைவிதான்.

மார்கழிப் பனியில் ஒருநாள் விடிவதற்குள் வயலுக்குப் போனவள், இலையில் ஏதோ புள்ளி விழுகிறது என்று தன் போனில் நாலைந்து படம் எடுத்து வந்தாள். வேளாண் அதிகாரியின் நம்பர் என்னிடம்தான் இருந்தது, அனுப்பச் சொன்னாள். வெளிச்சம் இல்லாமல் எடுத்ததால் படம் முழுக்க மணல் தூவியது போல் இருந்தது. எங்கள் தொழிலில் இதை நாய்ஸ் என்போம். போட்டோகிராபர் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த லட்சணத்தில் ஒரு படத்தை அனுப்புவதா?

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருந்தேன். ஏகப்பட்ட படங்களைப் பார்த்துப் பழகி, எது நாய்ஸ் என்று தானே கண்டுபிடித்துத் துடைத்துவிடும். மண்டபத்தில் வெளிச்சம் சொதப்பிய கல்யாணப் படம்கூட அதில் பளிச்சென்று வரும். நெல் இலையையும் போட்டேன். பச்சைப் பட்டு மாதிரி வந்தது. பெருமையாக அனுப்பினேன்.

ஒன்றும் தெரியவில்லையே, இன்னும் தெளிவாக அனுப்புங்கள் என்றார் அதிகாரி. தெளிவுதானே கேட்கிறார் என்று இன்னும் அழுத்தித் துடைத்து அனுப்பினேன். நோய் இல்லை என்று சொல்லிவிட்டார். இவளோ புள்ளி பெருகுகிறது என்று தலையில் அடித்துக்கொண்டாள். தினமும் அவள் ஒரு படம் எடுப்பாள், நான் துடைத்து அனுப்புவேன், தினமும் அதே பதில். நாலு நாள் இந்தக் கூத்து. எரிச்சலில், "ஆபீசருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்று கத்தியும் விட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஐந்தாம் நாள் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாலு இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக அதிகாரியிடம் போய்விட்டாள். பார்த்த மாத்திரத்தில் குலைநோய் என்று மருந்து எழுதிக்கொடுத்தவர், நான் அனுப்பிய படங்களையும் காட்டியிருக்கிறார்.

அங்கிருந்து ஸ்டுடியோவுக்கு வந்தவள், இலையை என் கம்ப்யூட்டர் திரையோரம் வைத்தாள்.

"இன்னாங்க, இதுல இருக்கிற புள்ளி நீங்க அனுப்பின படத்துல எங்க? புண்ணை மூடிட்டு டாக்டராண்ட காட்டினா அவரு இன்னாதான் பண்ணுவாரு?"

மென்பொருளைத் திட்டலாம் என்றால், அது கல்யாணக் கன்னங்களைத் துடைத்துப் பழகியது. குலைநோயைப் பற்றி அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவள் எடுத்த படத்தை ஒரு தரம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்த மணலுக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள் எனக்கே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மருந்தடித்தோம். ஒரு காணி தப்பியது. வாய்க்காலோரத்து அரைக்காணி பதராகிவிட்டது. அறுப்பன்று அதைத் தாண்டிப் போகும்போது அவள் குனிந்து ஒரு கதிரைக் கசக்கி, பதரை ஊதிவிட்டு நடந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போதெல்லாம் அவள் எடுக்கும் படம் எப்படி இருந்தாலும் அப்படியே அனுப்பிவிடுகிறேன். அன்று நாய்ஸ் என்று நான் துடைத்துப் போட்டது, நாலு நாளாக அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான்.