அந்தக் கிழவி வேண்டாம்

நாடகத்தை அனுப்பிய நாளிலிருந்து நான் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் இடுப்பில்தான் இருந்தது. சென்னையில் நாடகப் புத்தகம் மட்டுமே போடும் பதிப்பகம் அது. அங்கே அச்சாகிவிட்டால் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது எடுத்து மேடையேற்றுவார்கள். நாமகிரிப்பேட்டைப் பக்கம் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்து நான் எழுதியதை, முகம் தெரியாத ஒருத்தி மேடையில் நின்று பேச வேண்டும். அந்த ஆசை என்னைத் தூங்கவிடவில்லை.

“சேதி வந்துச்சா சாமி?” என்று மாமியார் என்னைவிட அதிகமாகத் தவித்தார். காரணம் உண்டு. நிலத்தை விற்பதா வேண்டாமா என்று ஒரு வீட்டுக்குள் நடக்கும் சண்டைதான் கதை. அதில் வரும் மாமியார் அச்சு அசல் இவரேதான். படித்துக் காட்டியபோதே கண்டுபிடித்துவிட்டார்.

ஒருவழியாகப் பதிப்பாசிரியர் அழைத்தார். “நல்லா இருக்கும்மா. ஆனா அஞ்சு பேர் ஜாஸ்தி. நாலு பேருன்னாதான் காலேஜ்ல எடுப்பாங்க. அந்தக் கிழவி வேண்டாம், எடுத்துடுங்க. அவங்களுக்குக் கதையில வேலையே இல்லையே.”

சுருக்கென்றது. ஆனாலும் “சரிங்க சார்” என்றேன். எனக்குப் புத்தகம் வேண்டும், வேறென்ன சொல்வேன்?

அன்றே உட்கார்ந்து கிழவியின் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அடுப்படியில் மாமியார் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டுப் படித்தால் கதை எங்கேயும் தட்டவில்லை. அந்த ஆள் சொன்னது சரியாகப் போனதே என்று இன்னும் எரிச்சல் வந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

“ஏஞ்சாமி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தற?” என்றார் மாமியார்.

மறுபடி உட்கார்ந்து சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இரண்டாம் காட்சியில் மருமகள், நிலத்தை விற்கக்கூடாது என்று கணவனிடம் நீளமாகப் பேச வேண்டும். அடுப்பில் பால் இருக்கிறது. முன்பு அதைக் கிழவி இறக்கி வைப்பாள். கன்று அவிழ்த்துக்கொண்டால் கிழவி ஓடுவாள். இப்போது எல்லாம் இவள் தலையில். நாலு வரி பேசுவதற்குள் பால் பொங்கிவிடும், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். வேலையே இல்லை என்றாரே அந்த மனிதர்! கிழவி வேலை செய்ததால்தான் இவளுக்குப் பேச வாய் கிடைத்தது. எனக்கு எழுத நேரம் கிடைத்ததும் அப்படித்தான்.

அழித்ததையெல்லாம் திரும்பப் போட்டேன். நாலு பேர்தானே வேண்டும்? கணவனை எடுத்தேன். அவன் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போயிருக்கிறான், மேடைக்கு வரவே வேண்டாம், போனில் குரல் கேட்டால் போதும் என்று மாற்றினேன். என் வீட்டுக்காரர் பிழைப்பும் அதுதான், வருடத்தில் பாதி வெளி மாநிலம். எழுத எழுத எனக்குக் கை நிற்கவில்லை.

பதிப்பாசிரியர் படித்துவிட்டு, புத்தகமாகப் போடுவதாகச் சொன்னார். மாமியார் பால் சொசைட்டி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று வீட்டுக்காரர் போனில் வந்தபோது நானும் சொன்னேன். பின்னால் ரிக் இரைந்தது.

“நாடகத்துல நானும் வாரனா?” என்று கத்திக் கேட்டார்.

“கொரலு மட்டும் வருதுங்க.”



“செரி, அம்மாகிட்டக் குடு” என்றார்.