ரோமாபுரிக்கு முன் ஓர் ஒத்திகைச் சாப்பாடு

ஆண்கள் முன்னால் நான் உண்டதே இல்லை. கலியாணமாகிக் கோட்டாற்றுக்கு வந்து நான்கு வருடம் ஆகியும், எல்லாரும் தின்று எழுந்த பிறகு அடுக்களையில்தான் எனக்குச் சாப்பாடு. யாரும் அப்படி விதிக்கவில்லை. ஆண்கள் யாராவது பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து ஓரிரு வருடம் கழிந்து, எங்கள் பங்குச் சாமியார் ஒன்பது பேரை ரோமாபுரி யாத்திரைக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். என் மாமியார் பெயர் கொடுத்தார். என் கணவர் கடையை விட்டு வர முடியாததால் துணைக்கு என் பெயரையும் சேர்த்தார். கொழும்பில் கப்பல் ஏறி நேப்பிள்ஸ், பிறகு ரயிலில் ரோமாபுரி, அசிசி, பதுவை, வெனிஸ், கடைசியில் பிரான்சில் லூர்து. எல்லாரும் அங்குள்ள கோவில்களைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு ஒரே கவலை. இரண்டு மாதம் அன்னிய ஆண்களோடு மேசையில் உட்கார்ந்து எப்படித் தின்பேன்?

சாமியார் ரோமாபுரியில் படித்தவர். நாங்கள் போய் விழிக்கக்கூடாது என்று, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு வீட்டில் மேசை போட்டு முள்கரண்டி வைத்தார். அந்த ஊர் நூல் மக்கரோனிக்குப் பதில் இடியாப்பம். சுருட்டி எடுக்க வேண்டுமாம். எனக்கு எதிரே இருந்த கொப்பரை வியாபாரி சுருட்டிச் சுருட்டிப் பார்த்தார்.

"சாமி, இது திங்கதா, கயிறு திரிக்கதா?"

சிரிப்பு அடங்கியதும் எல்லார் கண்ணும் என் தட்டுக்கு வந்தது. நான் முள்கரண்டியைத் தொட்டிருக்கவே இல்லை.

"ஏட்டி, ரோமாபுரியில பட்டினி கெடந்து புனிதை ஆகலாம்னு நெனைக்கியா?" என்றார் மாமியார். "ஒன்னத் தூக்கிச் சுமக்க எனக்குச் சீவனில்ல. முடியாதுன்னா இப்பமே சொல்லு, வேற ஆளு பாக்கேன்."

முட்டத்துக் கரையில் நின்று பார்த்த கடலில் ஒரு தடவை போய்விட வேண்டும் என்று எனக்கு ஆசை. தலையைத் தூக்காமலே கேட்டேன்.

"சாமி, அந்த ஊருகள்ல கன்னியருக்க மடம் உண்டா? அடுக்களையில இருந்து திங்க விடுவாவளா?"

சாமியார் தன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லா ஊர்லயும் உண்டு. பொம்பளையள ஓட்டல்ல தங்க வைக்க எனக்கும் மனசில்லாமத்தான் இருந்துது. மடங்களுக்கு எழுதுகேன்."

"அப்போ கயிறு திரிக்கது நாங்க மட்டுந்தானா?" என்றார் வியாபாரி.

"கப்பல்லயோ?" என்று மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு முட்டுவலி. சோறு அறைக்கே வரட்டும்" என்றார் அவர், காலையில் கோவில் படிகளை ஓட்டமாக ஏறியவர்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். சமையற்காரி மீன்குழம்பு ஊற்றினாள். கையால் பிசைந்து ஆறு இடியாப்பம் தின்றேன். திரும்பி வந்தபோது சாமியார் ஒரு படத்தை விரித்து வெனிசைக் காட்டிக்கொண்டிருந்தார். அதுவரை அந்த ஊர்களில் ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை.

"தெருவெல்லாம் தண்ணியா மாமி?"

"இவ்வளவு நேரமும் நீ எங்கட்டி இருந்த?" என்றார்.