வள்ளிக்கு எத்தனை வாரம்?

என் மகள் வள்ளி பிறந்த அன்னிக்கு அவள் எத்தனை மாசத்துப் பிள்ளைன்னு யாருக்கும் சரியாத் தெரியல. அது தெரியாம என்ன செய்யறதுன்னு டாக்டரே தவிச்சார். கோயில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். 

சில வருஷத்துக்கு முன்னாடி, கார்த்திகை மாசத் தொடக்கம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏர்கான், அதான் ஏசி, கழுவுறது என் வேலை. காலையில சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்ல ஒரு வீட்டுல ஏணி மேல நின்னுக்கிட்டிருந்தேன். போன் வந்துச்சு. என் மனைவி மலரோட தம்பி செல்வம்.

"மச்சான்! பொறந்துடுச்சு! பொண்ணு!"

நான் போட்ட சத்தத்துல வீட்டுக்கார அம்மா ஓடி வந்துட்டாங்க. ஆனா செல்வம் குரல் உடனே இறங்கிடுச்சு.

"ரொம்பச் சின்னதா இருக்கு மச்சான். அக்காவுக்கு மலேரியா. நடுங்கிக்கிட்டே கிடக்கு."

முதல் பிரசவத்துக்கு மலர் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அது அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவு, ரப்பர் தோட்டம். அங்கே கொசு அதிகம். ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். ஸ்கேன் மிஷின் கிடையாது.

பிள்ளை ஏன் சின்னதா இருக்குன்னுதான் கேள்வியே. தாய்க்கு மலேரியா வந்தா வயித்துல பிள்ளை சரியா வளராது. அப்படின்னா நாள் நிறைஞ்ச பிள்ளையும் எடை குறைஞ்சிருக்கும், ஆனா தானாப் பால் குடிக்கும். அதைத் தாய்கிட்டயே வெச்சுப் பார்த்துக்கலாம். நாள் நிறையாமப் பிறந்த பிள்ளையோ மூச்சு விடவே மறந்துடும். அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். அதுக்கு அன்னிக்குச் சாயங்காலக் கப்பல் ஒண்ணுதான். கடலோ கொந்தளிப்பு. தேவையில்லாம அனுப்பினாலும் ஆபத்து, அனுப்பாம விட்டாலும் ஆபத்து.

நர்ஸ் அம்மா பிள்ளையோட உள்ளங்காலைப் பார்த்தாங்களாம், ரேகை எவ்வளவு இருக்குன்னு; நாள் நிறைஞ்ச பிள்ளைக்கு நிறைய இருக்குமாம். காது மடலை மடிச்சு விட்டு, நிமிருதான்னு பார்த்தாங்களாம். "முன்னாடியே பொறந்த மாதிரி தெரியுது, ஆனா அடிச்சுச் சொல்ல முடியல"ன்னாங்களாம்.

மலர் வீட்டுல எல்லாரும் ஒரே பேச்சு. "புரட்டாசியில ஏழாம் மாச வளைகாப்பு. ஐப்பசி எட்டு. கார்த்திகை ஒன்பது. சரியாத்தான் பொறந்திருக்கு!"

செல்வம்கிட்ட இருந்து டாக்டர் போனை வாங்கினார். "முதல் ஸ்கேன் எடுத்த தேதி வேணும். சிங்கப்பூர்ல எடுத்திருப்பீங்களே, பைல் எங்கே?"

 அந்தப் பைலைப் பெட்டியில இருந்து வெளியே எடுத்தவனே நான்தான். மலரை அனுப்புற அன்னிக்கு ஏர்போர்ட்ல பெட்டி எடை கூடிப் போச்சு. "ஏதாவது எடுங்க"ன்னாங்க. மாமியார் வீட்டுக்கு வாங்கின மைலோ டின்னை எடுக்க எனக்கு மனசு வரல. பைலை எடுத்துட்டேன். "பைலை விடுங்க, அது வேணும்"னு மலர் சொன்னாள். "பிள்ளை பொறக்கப் போறது அங்கே, இந்தப் பேப்பர் எதுக்கு?"ன்னேன்.

சுவா சூ காங்ல இருக்கிற எங்க வீட்டுக்கு ஓடினேன். அலமாரி, கட்டிலுக்கு அடியில, வேன், எங்கேயும் இல்ல. முருகன் படத்துக்கு முன்னாடி அப்படியே உக்காந்துட்டேன். எப்பவும் 'அதைக் கொடு, இதைக் கொடு'ன்னுதான் கேட்பேன். அன்னிக்கு வேற மாதிரி வந்துச்சு.

"முருகா, தப்பு என்னுது. மலர் சொல்லியும் கேக்கல. எனக்கு வழி தெரியல. நீ காட்டு."

கண்ணைக்கூடத் துடைக்கல, அதுக்குள்ள போன் அடிச்சது! லிட்டில் இந்தியாவுல பூக்கடை வெச்சிருக்கிற என் சரசு அக்கா.

"டேய் குமாரு, கடையைக் கழுவுறேன். உன் பைல் ஒண்ணு பூக்கூடைக்கு அடியில கிடக்கு. ரெண்டு மாசமாச்சு, எடுத்துக்கிட்டுப் போறியா, குப்பையில போடவா?"

பிள்ளைகளே! அன்னிக்கு ஏர்போர்ட்ல இருந்து பைலோட நேரா அக்கா கடைக்குத்தான் போயிருக்கேன். சுத்தமா மறந்துட்டேன். ரெண்டு மாசமாக் கேக்காத அக்கா அந்த நிமிஷம் கேக்குது!

"அக்கா, போடாத! அதைப் படி!"

"இங்கிலீஷ்ல இருக்குடா. காதர் பாய், கொஞ்சம் வாங்களேன்!"

பக்கத்துத் துணிக்கடை காதர் பாய் வாங்கிப் படிச்சார். "ஜூன் பத்தாம் தேதி. எட்டு வாரம், அஞ்சு நாள். தெளிவா இருக்குலா."

உடனே டாக்டருக்குச் சொன்னேன். அவர் கணக்குப் போட்டார். "முப்பத்திரண்டு வாரம்தான், நாற்பது ஆகணும். கப்பல்ல அனுப்புறேன்."

வளைகாப்புக்கு மாசக் கணக்குப் போட்டது சரசு அக்காதான். கணக்குத் தொடங்கின பங்குனியில மிச்சமிருந்த கடைசி மூணு நாளை ஒரு முழு மாசமா எண்ணியிருக்கு. விஷயத்தைச் சொன்னேன். அக்கா மெதுவாக் கேட்டுச்சு: "அப்ப நான் ஆறாம் மாசத்துலயாடா வளைகாப்புப் போட்டேன்?"

காதர் பாய் சொன்னார்: "விடுங்க சரசு, வளையல் போட்டாச்சு. இப்ப பிள்ளைக்குத் துவா செய்வோம்."

மலருக்குக் காய்ச்சல், அதனால செல்வம்தான் சட்டையைக் கழட்டி, உடம்புச் சூடு படற மாதிரி வள்ளியை வெறும் நெஞ்சோட சேர்த்துக் கட்டிக்கிட்டுக் கப்பல் ஏறினான். பக்கத்துலயே நர்ஸ் அம்மா. வழியில ரெண்டு தடவை பிள்ளை மூச்சு நின்னு போச்சாம். ரெண்டு தடவையும் நர்ஸ் அம்மா உள்ளங்காலைச் சுண்டி விட, திரும்ப வந்துச்சாம். அப்ப நானும் அக்காவும் கோயில்ல உக்காந்து முருகன் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தோம்.

மறுநாள் காலையில செல்வம் கூப்பிட்டான். "மச்சான், பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. இவ என் நெஞ்சுல மூத்திரம் போயிட்டா!" அதைவிட இனிப்பான செய்தியை நான் கேட்டதே இல்ல.

வள்ளி ஒரு மாசத்துக்கு மேல அங்கே இருந்தாள். மலரும் தேறினாள். அப்புறம் ரெண்டு பேரும் சிங்கப்பூர் வந்து சேர்ந்தாங்க. அன்னியில இருந்து மலர் ஒண்ணு சொன்னா, கையில இருக்கிற வேலையை வெச்சுட்டு முழுசாக் கேக்கறேன். வேலையிடத்துல யாராவது "மனைவி மாசமா இருக்காங்க"ன்னா, முதல்ல, "ஸ்கேன் தேதியை எழுதி வெச்சியா?"ன்னு கேப்பேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

பிள்ளைகளே, கஷ்டம் வந்தா முருகனைக் கூப்பிடுங்க. உங்க தப்பு ஏதாவது இருந்தா மறைக்காம அதையும் சொல்லிக் கூப்பிடுங்க. வருவானான்னு சந்தேகம் வந்தா, வகுப்புல முன்வரிசையில பாருங்க. உங்க எல்லாரையும்விடச் சத்தமாப் பாடிக்கிட்டிருப்பாளே, அவதான் வள்ளி.