நாற்பத்தொரு செடிக்காரிகள்

அஞ்சலகத்தில் முப்பத்தாறு வருடம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர் அவர். தெருவுக்கே அவர் பெயர் ‘பின்கோடு’. ஓய்வு பெற்ற பிறகும் அவர் வீட்டு ஸ்பூன்கள் ஒரே திசை பார்த்துத்தான் படுத்திருக்கும். உலகத்தின் அத்தனை ஊர்களும் கைவழியே போனதாலோ என்னவோ, எந்த ஊருக்கும் நேரில் போகவேண்டும் என்று தோன்றியதில்லை.

தாய்மாமா நேர்மாறு. கப்பலில் எலக்ட்ரீஷியன். ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் பழைய ஜெர்மன் நாணயங்களை வாங்குவார். மருந்துக்கடைக் காகித உறைகளில் திணித்துத் தகரப் பெட்டிக்குள் எறிவார். மாமா காலமான பிறகு, அந்தப் பெட்டியைத் திறக்க மனம் வராமல் அத்தை மருமகனிடமே கொடுத்துவிட்டார்.

பின்கோடு முதல் வேலையாக உறைகளைப் போர்வைமேல் கவிழ்த்தார். முகவரி எழுதாத உறையால் யாருக்கு என்ன லாபம்? எல்லாம் குப்பைவண்டிக்குப் போயின.

பிறகு வந்த மதியங்கள் மிதந்தன. ஜன்னல் வெயில் போர்வையில் மெல்ல நகரும். லென்ஸுக்கு அடியில் ஒரு கழுகு சிறகை விரிக்கும். மீசைக்கார அரசர் ஒருவர் தேய்ந்த மூக்கோடு எதையோ யோசிப்பார். ஒவ்வொரு காசிலும் அது அடிக்கப்பட்ட ஊருக்கு ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், ஜே ஹாம்பர்க். விழிப்பா தூக்கமா என்று தெரியாத மூன்று மணிக்கு, பார்த்தேயிராத அந்த ஊர்களின் தெருக்களில் பின்கோடு பையோடு நடந்துகொண்டிருப்பார். கண் திறந்ததும் ஊர்வாரியாக, வருடவாரியாக முட்டை அட்டைக் குழிகளில் அடுக்குவார்.

“ஏங்க, அட்டைக்காக இன்னும் எத்தனை முட்டைதான் திங்கிறது?” என்றாள் மனைவி.

“இன்னும் நாலு அட்டை. பொறுத்துக்கோ.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். அடுக்கைப் பார்த்து வாயில் கைவைத்தார். “மியூசியம் மாதிரி இருக்குடா! சரி, மூலை மடிச்ச கவர்ல ஒரு காசு தனியா இருந்திருக்குமே, அதைக் கொடு.”

பின்கோடு லென்ஸைக் கீழே வைத்தார். “கவரையெல்லாம்... தூக்கிப் போட்டுட்டேன் அத்தை.”

“அடப்பாவி! தபால்காரன் செய்யற வேலையா இது?”

அந்தக் காசு அத்தையின் கல்யாணக் கதை. பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்ணிடம் மாமா ஓர் ஐம்பது பெனிக் ஜெர்மன் காசைக் காட்டி, நம்பருக்கு மறுபக்கம் இருக்கும் செடி நடும் பெண் விழுந்தால் தன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சுண்டியிருக்கிறார்.

“விழுந்துச்சா?” என்றாள் மனைவி.

“எங்க! நம்பர்தான் விழுந்துச்சு. காத்தடிச்சதுல விழுந்தது, செல்லாதுன்னுட்டார்.”

அட்டைகளில் நாற்பத்தொரு செடிக்காரிகள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே செடி.

“நகத்தால உரசினா ஓரம் கிர்ருங்கும்,” என்றார் அத்தை.

பின்கோடு நிமிர்ந்தார். எழுபத்திரண்டாம் வருடத்திலிருந்து அடித்தவற்றின் ஓரம் வழவழப்பு. வரி போட்டவை அதற்கு முந்தியவை. நாற்பத்தொன்று ஒன்பதானது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவினார். ஏழாவதில் விரல் நின்றது.

“இதுதான்.”

பின்கோடு லென்ஸை வைத்துப் பார்த்தார். ஹாம்பர்க், எழுபத்தொன்று. அத்தைக்குக் கல்யாணம் அறுபத்தெட்டில். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் தப்பான பையில் ஒரு கடிதத்தைக்கூடப் போட்டதில்லை அந்தக் கை.

“அத்தை... இது உங்க கல்யாணத்துக்கு மூணு வருஷம் கழிச்சு அடிச்சது.”

அத்தை கண் திறந்தார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழப்போகிறார் என்று மனைவி அருகே நகர்ந்தாள். அத்தை சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“அப்போ அசலைத் தொலைச்சிருக்கார்! எனக்குப் பயந்து அடுத்த ட்ரிப்புல வேற ஒண்ணு கொண்டாந்து மடிச்சு வச்சிருக்கார், திருட்டு மனுஷன்.”

விரல் ஏமாந்திருக்கவும் கூடும் என்பது பின்கோடுக்குத் தெரியும். மீதி எட்டையும் அள்ளி நீட்டினார். “இதையும் வச்சுக்கோங்க அத்தை. அசல் இதுல இருந்தாலும் இருக்கும்.”

அத்தை எழுபத்தொன்றைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்.

“எட்டு யோக்கியனை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? எனக்கு இந்தப் பொய்க்காரனே போதும்.”